புதைத்தால் உரமாகாது: குப்பைமேடு, உரக்குவியல், மண்மேடு பற்றி ஓர் எளிய விளக்கம்

குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள எங்கள் சிம்பாங் ரெங்கத்தில் 2019-ல் ஆட்டம் கண்டது. பெனுட் ஆற்று நீரில் அம்மோனியா மிகுந்துபோனதால் நீர் சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்த வேண்டியதாயிற்று. மக்கள் வாளியும் குடமுமாகத் தண்ணீர் லோரிக்குக் காத்து நின்றார்கள். அந்த அம்மோனியா எங்கிருந்து வருகிறது என்று தேடியபோது, தோட்ட நிலத்தில் இருந்த ஒரு குப்பைமேட்டிலிருந்து கசிந்த நீரில் போய் நின்றது தேடல்.

அதன் பிறகு எங்கள் ஊரில் குப்பையைப் பற்றிப் பேசாதவர்கள் கிடையாது. பேசுவது நல்லதுதான். ஆனால் காப்பிக்கடையிலும் கோயில் திருவிழாப் பந்தலிலும் காதில் விழுகிற சில கருத்துகள் அடிப்படையிலேயே தவறு. “சோறு, காய்கறித் தோல்தானே, குப்பைமேட்டுக்குப் போனாலும் மக்கி உரமாகிடும்” என்பது ஒன்று. “செங்கல் உடைசல்தானே, பள்ளத்தில் கொட்டினால் என்ன” என்பது இன்னொன்று. “எந்தக் குப்பைமேடாக இருந்தாலும் ஆற்றைக் கெடுக்கத்தான் செய்யும்” என்பது மூன்றாவது. மூன்றும் சரியில்லை. ஏன் என்று முதலிலிருந்து பார்ப்போம். வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

குப்பைமேல் மழை பெய்தால்

மமாக் கடையில் தே கலக்குவதைப் பார்த்திருப்பீர்கள். துணிப்பையில் தேயிலைத் தூளைப் போட்டு மேலே சுடுநீரை ஊற்றுவார்கள். ஊற்றும்போது வெறும் தண்ணீர். கீழே இறங்கும்போது நிறம், மணம், துவர்ப்பு எல்லாம் சேர்ந்த சாறு. பையில் தேயிலைக்குப் பதிலாகக் கூழாங்கல்லைப் போட்டு ஊற்றினால் தண்ணீர் தண்ணீராகவே இறங்கும்.

குப்பையைப் புதைக்கும் இடத்திலும் நடப்பது இதுதான். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டரைத் தாண்டி மழை பெய்கிற நாடு நம்முடையது. அந்த மழை குப்பைக் குவியலுக்குள் இறங்கி, வழியில் கரையக்கூடியதையெல்லாம் கரைத்துக்கொண்டு அடியில் வெளியேறுகிறது. இந்தச் சாற்றுக்குக் கசிவுநீர் என்று பெயர். பார்த்தால் தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர், நிறத்தில்தான் இருக்கும். நாற்றம் மட்டும் வேறு.

ஆக, எதைப் புதைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அடியில் எது வடியும் என்பது. கல்லும் மண்ணும் புதைத்தால் பெரிதாக ஒன்றும் வடியாது. சோறும் மீனும் புதைத்தால் நிறைய வடியும். அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே குழியில் தள்ளுவது சரியாகாது. ஒவ்வொன்றுக்கும் ஏற்ற இடம் வேண்டும்.

மேட்டுக்குள் என்ன நடக்கிறது

மலேசிய வீட்டுக் குப்பையில் என்னென்ன இருக்கிறது என்று 2012-ல் நாடு முழுவதும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். எடைக்கணக்கில் 44.5 விழுக்காடு உணவுக் கழிவு. பிளாஸ்டிக் 13 விழுக்காட்டுச் சொச்சம். குழந்தைகளின் டயப்பர் மட்டுமே 12 விழுக்காடு. குப்பை என்றாலே நாம் பிளாஸ்டிக்கைத்தான் நினைக்கிறோம். லோரியில் போகும் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருப்பதோ ஈரமான சாப்பாடு.

அந்தச் சாப்பாடு பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டபடி மேட்டுக்குப் போகிறது. அங்கே கனரக வண்டி ஏறி இறங்கி நசுக்குகிறது. மேலே மண் போடுகிறார்கள், மறுநாள் அதன்மேல் இன்னொரு அடுக்கு. உள்ளே சிக்கிய கொஞ்சநஞ்சக் காற்றையும் நுண்ணுயிர்கள் சில நாட்களிலேயே தீர்த்துவிடும். காற்று தீர்ந்த பிறகு காற்று தேவைப்படாத வேறு வகை நுண்ணுயிர்கள் வேலையை ஏற்கின்றன. இதைத்தான் காற்றில்லாச் சிதைவு என்கிறோம்.

காற்றில்லாச் சிதைவு மெதுவாக, அரைகுறையாக நடக்கிற வேலை. முதலில் அமிலங்கள் உண்டாகும். அதனால்தான் புதிய குப்பையின் கசிவுநீர் புளித்த வாடை அடிக்கிறது. பேட்டரி, டின், பெயின்ட் முதலியவற்றில் உள்ள உலோகங்களையும் அந்த அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். அப்புறம் வேறொரு கூட்டம் நுண்ணுயிர்கள் அமிலங்களைத் தின்று மீத்தேன் என்ற வாயுவை விடும். நிறமும் மணமும் இல்லாத, எரியக்கூடிய வாயு அது. குப்பைமேட்டிலிருந்து எழும் வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன். மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், புவியைச் சூடாக்குவதில் ஒரு டன் மீத்தேன் சுமார் 28 டன் கரியமில வாயுவுக்குச் சமம். குப்பைமேடுகள் திடீரெனத் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைவதற்கும் இந்த மீத்தேன் ஒரு காரணம்.

இனி அம்மோனியா. இறைச்சி, மீன், பருப்பு, பால் எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது. புரதத்தில் நைட்ரஜன் இருக்கிறது. புரதம் சிதையும்போது அந்த நைட்ரஜன் அம்மோனியாவாக வெளிவரும். காற்று இருந்தால் வேறு நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றிவிடும். மேட்டுக்குள்தான் காற்று இல்லையே. அம்மோனியா மாறாமல் அப்படியே கசிவுநீரில் தங்கி, ஆண்டுக்கணக்கில் வடிந்துகொண்டே இருக்கும். மேட்டை மூடிவிட்டாலும் உடனே நிற்காது.

ஆற்றில் கலந்தால் என்ன ஆகும்? நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கிருமியைக் கொல்வது குளோரின். குளோரின் கிருமியிடம் போகும் முன்னே அம்மோனியா அதைப் பிடித்து வலுக்குறைந்த வேறு சேர்மமாக மாற்றிவிடுகிறது. குளோரினைக் கூட்டினால் அம்மோனியாவும் கூடுதலாக விழுங்கும். அதனால்தான் மலேசியத் தரக்கட்டுப்பாடு சுத்திகரிக்க எடுக்கும் ஆற்றுநீரில் அம்மோனியா லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது. தாண்டினால் நிலையத்தை நிறுத்துவதுதான் பத்திரமான வழி. 2019-ல் எங்கள் குழாய்கள் காய்ந்ததற்குப் பின்னால் இருந்த வேதியியல் இவ்வளவுதான்: நேற்றைய குழம்பும் மீன் தலையும் காற்றில்லாமல் அழுகி ஆற்றுக்கு வந்தன.

“எப்படியோ மக்கிவிடுகிறதே” என்பார்கள். அதுவும் முழு உண்மையில்லை. அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ராத்ஜே என்ற தொல்லியலாளர் பழைய குப்பைமேடுகளைத் தோண்டி ஆராய்ந்தவர். பல பத்தாண்டுகளுக்கு முந்தைய செய்தித்தாள்களை அவர் குழுவினர் எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் வெளியே எடுத்தார்கள். ஈரமும் சூடும் மிகுந்த நம் ஊரில் சிதைவு வேகமாகத்தான் நடக்கும். ஆனால் வேகமாக நடந்தால் கசிவுநீரும் மீத்தேனும் வேகமாக வரும். உரம் வராது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: உணவுக் கழிவைக் காற்றில்லாமல் புதைத்தால் மேலே மீத்தேன், கீழே அம்மோனியா கலந்த கசிவுநீர். “மக்கும் குப்பை” என்பதாலேயே அது பாதுகாப்பான குப்பை ஆகிவிடாது. மேட்டுக்குள் மிகவும் தொல்லை தருவதே அதுதான்.

எல்லா மேடும் ஒன்றா?

இல்லை. மலேசியாவில் குப்பை கொட்டும் இடங்களை நிலை 0 முதல் நிலை 4 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். நிலை 0 என்பது வெறும் திறந்தவெளிக் கொட்டிடம். படிப்படியாக மேலே போனால் நிலை 4: கசிவுநீரைப் பிடித்துச் சுத்திகரிக்கும் வசதியுள்ள சுகாதார நிலநிரப்பிடம்.

இதில் முதலில் களிமண்ணைக் கெட்டிப்படுத்தித் தளம் போடுகிறார்கள். அதன்மேல் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தடிப்புள்ள பிளாஸ்டிக் விரிப்பு. மூட்டுகளைச் சூடாக்கி உருக்கி ஒட்டுவார்கள். விரிப்புக்கு மேலே சரளைக்கல், துளையிட்ட குழாய்கள். வடியும் சாறு குழாய் வழியே குளத்துக்குப் போய்ச் சுத்திகரிக்கப்படும். நாள்தோறும் கொட்டியதன்மேல் சுமார் 15 சென்டிமீட்டர் மண் மூடுவார்கள். ஈ, எலி, நாற்றம், தீ எல்லாவற்றையும் அது குறைக்கும். வாயுவுக்குத் தனிக் குழாய் வைத்து எரித்துவிடுவார்கள் அல்லது மின்சாரம் எடுப்பார்கள். நாட்டின் முதல் சுகாதார நிலநிரப்பிடம் பூச்சோங்கில் ஆயர் ஹீத்தாம் என்ற இடத்தில் 1995-ல் தொடங்கி 2006-ல் மூடப்பட்டது. அங்கே குப்பை வாயுவிலிருந்து மின்சாரமும் எடுத்தார்கள். ஜொகூரில் செனாய் வட்டாரத்து சீலோங் இந்த வகைதான்.

ஆகவே “எந்த மேடாக இருந்தாலும் ஆறு கெடும்” என்று சொல்வது அப்படியொரு தளத்தைக் கட்டி, குழாயைப் பராமரித்து, நீரைச் சோதித்துக்கொண்டிருப்பவர்களின் உழைப்பை ஒன்றுமில்லாததாக ஆக்கிவிடும். அதே நேரத்தில், விரிப்பு இருக்கிறது என்பதால் கவலையை விட்டுவிடவும் முடியாது. குளம் நிரம்பி வழிந்தாலோ, குழாய் அடைத்துக்கொண்டாலோ, பராமரிப்புப் பணம் நின்றாலோ நிலை 4 மெல்ல மெல்லக் கீழே இறங்கும். மேட்டில் போய்ச் சேரும் ஈரக் குப்பை குறைந்தால் இந்தச் சுமை முழுவதும் குறையும். அதற்குத்தான் அடுத்த பகுதி.

அதே சோறு, காற்றோடு

உரமாக்கல் என்பது இதே உணவுக் கழிவைக் காற்று படும்படி சிதைய விடுவது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் விளைவு தலைகீழ். காற்று விரும்பும் நுண்ணுயிர்கள் வேகமாகத் தின்கின்றன, சூடு உண்டாகிறது. நல்ல குவியலின் நடுவில் வெப்பம் 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை ஏறும். கையை விட்டால் சுட்டு இழுத்துக்கொள்வீர்கள். அந்தச் சூடு சில நாள் நீடித்தால் நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் செத்துவிடும். நைட்ரஜன் பெரும்பகுதி நுண்ணுயிர்களின் உடலுக்குள்ளும் நைட்ரேட்டாகவும் தங்குகிறது. மீத்தேன் மிகக் குறைவு. மீதம், மழை பெய்த மண்வாசனையோடு உதிரும் கறுப்புப் பொருள்.

இதற்கு வேண்டியது சரியான கலவை. சோறு, காய்கறித் தோல், புல் போன்ற பச்சைப் பொருளில் நைட்ரஜன் அதிகம். காய்ந்த இலை, மரத்தூள், அட்டைத் துண்டு போன்ற பழுப்புப் பொருளில் கரிமம் அதிகம். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் இருந்தால் நுண்ணுயிர்களுக்கு ஒத்துவரும். வீட்டில் தராசு தேவையில்லை: ஒரு வாளி சமையலறைக் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி காய்ந்த இலை என்று தொடங்குங்கள். நாற்றம் வந்தால் பச்சை அதிகம், இலையைச் சேருங்கள். பல நாளாகியும் சூடே ஏறவில்லை என்றால் பழுப்பு அதிகம், அல்லது காய்ந்துபோயிருக்கிறது.

ஈரத்துக்கு ஒரு சோதனை. குவியலுக்குள்ளிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரண்டு துளி மட்டும் எட்டிப் பார்த்தால் சரி. மணிக்கட்டு வழியே ஒழுகினால் தண்ணீர் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று பொருள். குவியலைக் கிளறிக் காய்ந்த இலை போட வேண்டும். கையைத் திறந்ததும் பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். மழைக்காலத்தில் மேலே ஒரு தகரம் போடாமல் நம் ஊரில் குவியல் நிற்காது. வாரம் ஒருமுறை புரட்டினால் இரண்டு மூன்று மாதத்தில் தயாராகிவிடும். எண்ணெய்ப் பலகாரம், எலும்பு, மீன் குடல் வேண்டாம். எலியும் நாயும் வரும், அண்டை வீட்டாரோடு மனவருத்தமும் வரும்.

தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இடம் இல்லையா? 2004-ல் இந்தோனேசியாவின் சுராபாயாவில் உருவான தக்காகூரா முறை அதற்கு ஏற்றது. துணி துவைக்கப் போடும் ஓட்டைக் கூடை, நெல் உமி, தவிடு, நொதிக்க வைத்த கலவை ஆகியவை போதும். சமையலறை ஓரத்திலேயே வைக்கலாம். கூடையில் ஓட்டை இருப்பதே காற்றுக்காகத்தான். மூடிய வாளியை அதற்குப் பதில் வைத்தால் பலிக்காது.

தோட்டத்துக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. எண்ணெய் ஆலைக்குள் 100 டன் செம்பனைக் குலை போனால் 20 டன்னுக்கு மேல் பழம் நீக்கிய வெறுங்குலையாகத் திரும்பி வருகிறது. அதை மரங்களுக்கு இடையே பரப்பும்போது ஒரே அடுக்காகப் பரப்பச் சொல்வார்கள். ஏன் என்று பலர் கேட்டிருக்க மாட்டார்கள். குவித்துப் போட்டால் உள்ளே காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, பிறகு இளங்கன்றின் குருத்தைத் துளைக்கும். ஒரே அடுக்கில் காற்றும் படும், வண்டுக்கு இடமும் இராது. சில ஆலைகள் வெறுங்குலையை நறுக்கி, நீண்ட வரிசையாகக் குவித்து, ஆலைக் கழிவுநீரைத் தெளித்துப் புரட்டி உரமாக்குகின்றன. அதே கழிவுநீர் குளத்தில் ஆழமாகத் தேங்கினால் காற்றில்லாமல் குமிழி விட்டு மீத்தேன் வெளியேறும். குளத்தின்மேல் விரிப்புப் போட்டு அந்த வாயுவைப் பிடித்து எரிக்கும் ஆலைகளும் உண்டு.

கடையில் கொடுக்கும் “மக்கும் பை” பற்றியும் ஒரு சொல். அவற்றில் பல, உரமாக்கும் ஆலையின் நீடித்த சூட்டில் மட்டும்தான் சரியாகச் சிதையும். வீட்டுக் குவியலில் கிழிந்து கிடக்கும். குப்பைமேட்டுக்குப் போனால் அந்தப் பெயருக்கே பொருளில்லை.

சுருக்கமாக: ஒரே கழிவுதான், காற்று இருந்தால் உரம், இல்லாவிட்டால் வாயுவும் சாறும். உரக்குவியலைப் பராமரிப்பது என்றால் காற்றையும் ஈரத்தையும் பராமரிப்பதுதான்.

மண்மேடு: எதைக் கொட்டலாம்

துணிப்பையில் போட்ட கூழாங்கல் நினைவிருக்கட்டும். மண், கல், செங்கல், கம்பி நீக்கிய சிமெண்டுக் கட்டி, ஓட்டுத் துண்டு ஆகியவை மழையில் நனைந்தாலும் கரைவதில்லை, அழுகுவதில்லை. இவற்றை மந்தப் பொருள் என்பார்கள். இப்படிப்பட்டவை மட்டும் போடும் இடத்துக்குப் பிளாஸ்டிக் விரிப்பும் தேவையில்லை, வாயுக் குழாயும் தேவையில்லை. பள்ளத்தை நிரப்பிப் பந்துத் திடல்கூடப் போடலாம். நியூசிலாந்தில் கழிவு புதைக்கும் இடங்களை ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறார்கள். வீட்டுக் குப்பைக்கான, பாதுகாப்பு மிகுந்த இடம் முதல் வகுப்பு. சுத்தமான மண் மட்டும் ஏற்கும் இடம் ஐந்தாவது. கடைசி வகுப்பில் கட்டுமானம் எளிது, ஆனால் உள்ளே வரும் பொருளில் கண்டிப்பு அதிகம். அது நியாயம். அடியில் தடுப்பு இல்லாத இடத்தில் தடுப்பு வாசலில்தான் இருக்க வேண்டும்.

எங்கள் பக்கம் சிக்கல் இங்கேதான். பழைய லயத்து வீட்டை இடித்தால் லோரியில் ஏறுவது வெறும் செங்கல் இல்லை. மரச்சட்டம், பெயின்ட் டின், கம்பி, கூரைத் தகடு எல்லாம் கலந்து வரும். பழைய கூரைத் தகடு அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். உடைத்தால் பறக்கும் அதன் நார் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டு கழித்துப் புற்றுநோயைத் தரக்கூடியது. அஸ்பெஸ்டாஸ் தூளும் நாரும் மலேசியச் சட்டப்படி அட்டவணைக் கழிவு, அதாவது அனுமதி பெற்றவர்கள் மட்டுமே கையாள வேண்டிய ஆபத்தான கழிவு. ஜிப்சம் பலகையும் பார்க்கச் சிமெண்டு மாதிரிதான் இருக்கும். ஈரத்தில் காற்றில்லாமல் கிடந்தால் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் நச்சு வாயுவை விடும். மரச்சட்டம் அழுகும். தோட்டத்து மருந்து டின் ஒன்று உள்ளே இருந்தாலே அந்த லோரி மொத்தமும் சுத்தமான நிரப்பு இல்லை.

சுத்தமான மண்ணையே கொட்டினாலும் நீரோடையை அடைத்துக் கொட்டினால் அடுத்த மழையில் வெள்ளம் வீட்டுக்குள் வரும். மண் வேலைக்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதி கேட்பது இதற்காகத்தான்.

லோரி வரும் நாளில்

ஜொகூரில் நடப்பில் இருப்பது திடக்கழிவு பற்றிய 2007-ஆம் ஆண்டின் 672-ஆவது சட்டம். அதன்படி 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் எஞ்சிய குப்பைக்கு, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளுக்கும் தோட்டக் கழிவுக்கும் பெரிய சாமான்களுக்கும் என்பது ஏற்பாடு. போத்தல், தாள், டின் பிரிக்க இது நல்ல வழி. உணவுக் கழிவோ இன்னும் “எஞ்சிய குப்பை” கணக்கில்தான் போகிறது. ஆற்றுக்கு அம்மோனியாவைத் தரும் அந்தப் பாதியைப் பிரிக்கும் வேலை நம் சமையலறையோடு நிற்கிறது. சட்டம் அதையும் எட்டிப் பிடிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை நம் சமையலறையில் செய்வதை நாமே செய்யலாம். கோயில் அன்னதானம், தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலை, வாரச் சந்தை ஆகிய மூன்று இடங்களில் தனி வாளி வைத்தாலே ஒரு தோட்டப் பட்டணத்தில் பெரிய அளவு ஈரக் குப்பை விலகிவிடும். காய்ந்த இலைக்கும் நமக்குப் பஞ்சமில்லை.

நாளைக்கு உங்கள் ஊருக்கு அருகில் புதிய கொட்டிடம் வருகிறது என்றால், வேண்டும் வேண்டாம் என்று கூச்சல் போடும் முன் கேட்க வேண்டியவை இவை. அது எந்த நிலை? அடியில் விரிப்பு உண்டா? கசிவுநீர் எங்கே போகும், பெருமழையில் குளம் எவ்வளவு தாங்கும்? கீழ்ப்புறம் எந்த ஆறு, அதில் குடிநீர் எடுக்கிறார்களா? மூடப்பட்ட பழைய மேடு என்றால் இன்னும் ஒன்று சேர்த்துக் கேளுங்கள்: அதன் கீழ் ஓடும் ஓடையில் அம்மோனியாவை இப்போது யார் அளக்கிறார்கள், அந்த அளவை ஊர்மக்கள் எங்கே போய்ப் பார்ப்பது?